கூச்ச இயல்புக் குழந்தையும் விளையாட்டறையும்: விளையாட்டுச் சிகிச்சை வரலாற்றில் மௌனத்தின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

விளையாட்டுச் சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் அதன் முன்னோடிகளுக்கிடையே எழுந்த கோட்பாட்டுப் பூசல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பேசாத, ஒதுங்கி நிற்கும் குழந்தையை நடுவில் வைத்து அதே வரலாற்றை வாசித்தால் வேறொரு கோடு புலப்படுகிறது. குழந்தையைப் பேசவைக்கும் முயற்சி எங்கெல்லாம் கைவிடப்பட்டதோ அங்கெல்லாம் சிகிச்சை முன்னகர்ந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். பெர்லின், இலண்டன் ஆகிய நகரங்களின் சிகிச்சை அறைகளிலும் அமெரிக்க மழலையர் பள்ளிகளிலும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக நடந்த முயற்சிகள் இக்கருதுகோளின் வழி ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கூச்ச இயல்பு, விளையாட்டுச் சிகிச்சை, குழந்தை உளவியல் வரலாறு, தேர்ந்த மௌனம், ஒப்பார் குழு

முன்னுரை

1928-ஆம் ஆண்டில் ஈ. கே. விக்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர், குழந்தைகளின் நடத்தை குறித்து ஆசிரியர்கள் கொண்டுள்ள மனப்பாங்கை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். குழந்தைகளிடம் காணப்படும் 50 வகை நடத்தைகளை அவர் பட்டியலிட்டு, அவை எந்த அளவிற்குக் கவலைக்குரியவை என்று மதிப்பிடுமாறு 511 ஆசிரியர்களையும் 30 உளநல வல்லுநர்களையும் கேட்டிருந்தார். திருட்டு, ஒழுக்கக்கேடு, கீழ்ப்படியாமை ஆகியவற்றை ஆசிரியர்கள் மேலிடத்தில் வைத்தனர். கூச்சம் அவர்களுடைய பட்டியலின் அடிப்பகுதிக்குப் போயிற்று. வல்லுநர்களோ பிறரோடு சேராமல் ஒதுங்குதல், மகிழ்ச்சியின்மை, அச்சம் போன்றவற்றை மேலே வைத்தனர்.

விக்மனின் முடிவை அப்படியே ஏற்பதற்கு ஒரு தடை உண்டு. இரு தரப்பினருக்கும் அவர் ஒரே வினாவைத் தரவில்லை. வகுப்பறையில் உடனடியாக எது இடர் தருகிறது என்னும் நோக்கில் ஆசிரியர்களும், குழந்தையின் எதிர்கால உளநலத்தை எது பாதிக்கும் என்னும் நோக்கில் வல்லுநர்களும் மதிப்பிடும்படி அறிவுறுத்தப்பட்டிருந்தனர். வினா வேறாகும்போது விடையும் வேறாவதில் வியப்பில்லை. எனினும் அந்த ஆய்வு வெளிப்படுத்திய ஒன்றை மறுக்க இயலாது. கூச்சமுள்ள குழந்தை வகுப்பை நடத்தும் எவருக்கும் தொல்லை தருவதில்லை. ஆகவே அக்குழந்தை கண்ணில் படுவதும் இல்லை. ‘நல்ல பிள்ளை, வாயே திறக்காது’ என்னும் பாராட்டு அமெரிக்க ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தமிழ் வாசகர் அறிவர்.

சொல் குறித்த ஒரு குறிப்பும் இங்குத் தேவைப்படுகிறது. தமிழில் நாணம், வெட்கம், கூச்சம் என்னும் மூன்று சொற்களும் ஒரே பொருளில் கலந்து வழங்கினாலும் அவற்றின் எல்லைகள் வேறு. நாணம் அகமரபில் ஒரு பண்பாக, குறிப்பாகப் பெண்ணுக்குரிய பண்பாகப் போற்றப்பட்டது. வெட்கம் ஒரு செயலைத் தொடர்ந்து வருவது. கூச்சமோ உடலோடு ஒட்டிய சொல். வெயிலில் கண் கூசுகிறது; குளிர்ந்த நீரில் பல் கூசுகிறது; புதியவர் முன் குழந்தை கூசுகிறது. மூன்றிலும் இருப்பது குற்றமும் அன்று, பண்பும் அன்று. தாங்கும் அளவை மீறி வந்த ஒன்றிலிருந்து பின்வாங்கும் உடலின் இயல்பு. இக்கட்டுரை ‘கூச்சம்’ என்னும் சொல்லையே தேர்ந்துகொள்வதற்கு இதுவே காரணம். உளவியல் இந்தப் பொருளை வந்தடைய நெடுங்காலம் ஆயிற்று.

பொம்மைப் பெட்டி

குழந்தையின் உள்ளத்தை அறிய விளையாட்டு ஒரு வழி என்னும் எண்ணம் உளப்பகுப்பாய்வு வட்டத்தில்தான் முதலில் செயல்வடிவம் பெற்றது. சிக்மண்ட் ஃபிராய்டு 1909-இல் வெளியிட்ட ஐந்து வயதுச் சிறுவன் ஹான்ஸின் வரலாற்றில் விளையாட்டுக்கு இடமிருந்தாலும் சிகிச்சையை நடத்தியவர் சிறுவனின் தந்தையே. வியன்னாவில் ஆசிரியப் பணியாற்றிய ஹெர்மினே ஹூக்-ஹெல்மூத், 1920-இல் ஹேக் நகர மாநாட்டில் குழந்தைப் பகுப்பாய்வின் நுட்பம் பற்றி உரையாற்றியபோது, சிறு குழந்தைகளிடம் விளையாட்டின் வழியே நெருங்க வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆயினும் அதை அவர் ஒரு முறையாக வகுத்துத் தரவில்லை.

அவ்வாறு வகுத்தவர் மெலனி கிளைன். தம்முடைய விளையாட்டு நுட்பம் தோன்றிய வரலாற்றை அவர் 1955-இல் எழுதியபோது, 1923-இல் தம்மிடம் வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைக் குறிப்பிடுகிறார். பள்ளியை வெறுத்த அச்சிறுமி கிளைனிடமும் பேசவில்லை. வரைவதற்கும் அவளுக்கு ஆர்வம் இருக்கவில்லை. கேள்விகளால் பயனில்லை என்று கண்ட கிளைன் எழுந்து சென்று, தம் குழந்தைகளின் அறையிலிருந்து சில சிறு கார்கள், சிறு மனித உருவங்கள், கட்டைகள், ஓர் இரயில் வண்டி ஆகியவற்றை ஒரு பெட்டியில் போட்டு எடுத்து வந்தார். சிறுமி உடனே விளையாடத் தொடங்கினாள்.

விளையாட்டுச் சிகிச்சையின் தோற்றத்தைக் கோட்பாட்டிலிருந்து தேடுவோர் இந்நிகழ்ச்சியை ஒரு சுவையான துணுக்காகக் கடந்து செல்கின்றனர். உண்மையில் இதன் பொருள் பெரிது. பேசவே தெரியாத கைக்குழந்தைக்காக அன்று, பேசத் தெரிந்தும் பேசாத ஒரு பள்ளிச் சிறுமிக்காகவே அந்தப் பெட்டி அறைக்குள் வந்தது. கிளைனின் புகழ்பெற்ற நுட்பம் ஒரு மௌனத்திற்குக் கிடைத்த விடையாகும்.

ஆனால் கிளைன் அம்மௌனத்தை அதன் போக்கில் விட்டுவிடவில்லை. விளையாட்டில் மோதிய இரு உருவங்கள் யார் யாரைக் குறிக்கின்றன என்று அவர் உடனுக்குடன் குழந்தைக்கு எடுத்துரைத்தார். பெரியவர் கேட்கும் கேள்வி நின்றது. பெரியவர் தரும் விளக்கம் தொடங்கிற்று. அன்னா ஃபிராய்டு 1927-இல் இதனை மறுத்தார். விளையாட்டின் ஒவ்வோர் அசைவிலும் குறியீடு தேடுவது பொருந்தாது என்றும், முதலில் குழந்தைக்கும் பகுப்பாய்வாளருக்கும் இடையே பற்று உருவாக வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். இப்பூசலின் விரிவு இங்கு வேண்டுவதில்லை. கூச்சமுள்ள குழந்தையின் பக்கமிருந்து பார்த்தால் இரு தரப்பிலும் பெரியவர்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

மணல் தட்டு

மார்கரெட் லோவன்ஃபெல்ட் இப்பூசலுக்கு வெளியே நின்றவர். குழந்தை மருத்துவரான அவர் முதல் உலகப் போருக்குப் பின் போலந்தில் அகதிகளிடையே பணியாற்றியவர். சொற்களால் சொல்லப்படாத துயரத்தை அங்குக் கண்ட அனுபவம் அவருடைய பிற்காலச் சிந்தனைக்கு அடித்தளமாயிற்று. 1928-இல் இலண்டனின் வடக்குக் கென்சிங்டன் பகுதியில், அஞ்சும் இயல்பும் கடினமான இயல்பும் உடைய குழந்தைகளுக்கென ஒரு சிகிச்சை மையத்தை அவர் தொடங்கினார். எச். ஜி. வெல்ஸ் தம் மகன்களோடு தரையில் சிறு பொம்மைகளைப் பரப்பி விளையாடியதை விவரித்து 1911-இல் வெளியிட்ட ‘ஃப்ளோர் கேம்ஸ்’ என்னும் நூல் லோவன்ஃபெல்டின் நினைவில் இருந்தது. சிறு பொருள்களைச் சேர்த்து வைத்த பெட்டியொன்றும், மணலும் நீரும் கொண்ட உலோகத் தட்டுகளும் மையத்தில் இடம்பெற்றன. குழந்தைகள் தாமாகவே பொம்மைகளை எடுத்து மணலில் அடுக்கத் தொடங்கினர். அவ்வாறு அடுக்கியதை ‘உலகம்’ என்று அழைத்தவர்களும் அக்குழந்தைகளே. லோவன்ஃபெல்ட் அப்பெயரையே தம் முறைக்கும் வைத்துக்கொண்டார். ஒரு சிகிச்சை முறையின் பெயரைக் குழந்தைகள் இட்டதற்கு இது அரிய சான்று.

‘உலக’ முறையில் கூச்சமுள்ள குழந்தைக்கு ஏற்ற கூறுகள் சில உள்ளன. லோவன்ஃபெல்ட் அவற்றைக் கூச்சத்திற்கென்று திட்டமிட்டார் எனக் கொள்ளவேண்டியதில்லை. முதலாவது, பார்வை. பெரியவரும் குழந்தையும் எதிரெதிரே அமர்ந்து முகம் பார்ப்பதில்லை; இருவருடைய கண்களும் மணல் தட்டின் மேல் இருக்கின்றன. கூச்சமுள்ள குழந்தையை மிகுதியும் துன்புறுத்துவது பிறரது பார்வை தன்மேல் நிலைப்பதே என்பதை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும். இரண்டாவது, தட்டின் விளிம்பு. அந்த எல்லைக்குள் நடப்பது அனைத்தும் குழந்தையின் ஆணைக்கு உட்பட்டது. வகுப்பறையில் ஒரு நாற்காலியை நகர்த்தவும் துணியாத குழந்தை அங்கு மலையை வைக்கிறது, ஆற்றை வெட்டுகிறது, வேலியிட்டு விலங்குகளை அடைக்கிறது. மூன்றாவது, பெரியவர் விளக்கம் கூறுவதில்லை. மணலில் புதைந்த வீட்டின் பொருளைக் குழந்தைதான் அறியும். சொல்ல விரும்பினால் சொல்லும். குழந்தையின் பற்று ஒரே சிகிச்சையாளர்மேல் குவிவதைக்கூட லோவன்ஃபெல்ட் விரும்பவில்லை. பொருள்களோடு குழந்தை கொள்ளும் உறவே அவருக்கு முதன்மையாக இருந்தது.

1935-இல் வெளிவந்த அவருடைய ‘குழந்தைப் பருவத்தில் விளையாட்டு’ என்னும் நூல், விளையாட்டு வேறொன்றை அறிவதற்கான கருவி என்னும் கருத்திலிருந்து விலகி, குழந்தை தன் அனுபவத்தைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் செயலாக அதைக் கண்டது. மணலில் உலகம் அமைக்கும் முறை பின்னர்ச் சுவிட்சர்லாந்தின் டோரா கால்ஃப் வழியாகப் பல நாடுகளுக்குப் பரவியபோது லோவன்ஃபெல்டின் பெயர் பின்னுக்குச் சென்றது. வரலாற்றின் இத்தகைய கணக்குத் தவறுகள் புதியவையல்ல.

மழலையர் பள்ளியில் எண்ணப்பட்ட விளையாட்டு

இலண்டனில் மணல் தட்டுகள் நிரம்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சார்ந்த மழலையர் பள்ளிகளில் குழந்தைகளின் விளையாட்டு நிமிடக் கணக்கில் குறிக்கப்பட்டது. மினசோட்டாவில் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகள் பிறரோடு கலக்கும் நிலைகளை ஆறாகப் பிரித்தது: எதிலும் ஈடுபடாமை, வேடிக்கை பார்த்தல், தனித்து விளையாடல், பிறர் அருகே அதே பொருளை வைத்துக்கொண்டு தனியாக விளையாடும் இணைநிலை விளையாட்டு, கலந்து விளையாடல், கூட்டாக விளையாடல். வயது ஏற ஏறக் குழந்தை கூட்டு விளையாட்டை நோக்கிச் செல்கிறது என்று அவர் கண்டார்.

இந்த ஏணிப்படி ஒரு தீங்கையும் செய்தது. தனித்து விளையாடும் குழந்தை கீழ்ப்படியில் தேங்கிவிட்டது என்னும் எண்ணம் வேரூன்றிற்று. பிற்கால ஆய்வுகள் இதனைத் திருத்தின. ரோஜர் பேக்மனும் ஜான் பிரவுன்லீயும் 1980-இல் மூன்று வயதுக் குழந்தைகளை நோக்கியபோது, இணைநிலை விளையாட்டு பெரும்பாலும் கூட்டு விளையாட்டுக்கு முந்திய பாலமாக அமைவதைக் கண்டனர். அருகில் சென்று அமர்ந்து, அதே கட்டைகளை அடுக்கி, அழைப்புக்குக் காத்திராமல் மெல்ல உள்ளே நுழைவது ஓர் உத்தி. கூச்சமுள்ள குழந்தை இந்தப் பாலத்தில் மற்றவர்களைவிட நெடுநேரம் நிற்கிறது. ‘போய்ச் சேர்ந்து விளையாடு’ என்று முதுகில் கைவைத்துத் தள்ளும் பெரியவர், குழந்தை தானே கட்டிக்கொண்டிருக்கும் பாலத்தை இடித்துவிடுகிறார்.

அயோவாவில் லோயிஸ் ஜாக் 1934-இல் செய்த சோதனை இன்று அதிகம் பேசப்படுவதில்லை. பிறருக்கு எளிதில் விட்டுக்கொடுத்து ஒதுங்கும் நான்கு வயதுக் குழந்தைகளை அவர் தேர்ந்தார். துணிவு கொள்ளும்படி அவர்களுக்கு அறிவுரை கூறவில்லை. பேசப் பழக்கவும் இல்லை. சில விளையாட்டுப் பொருள்களைக் கையாளும் திறனை மட்டும் தனியே கற்பித்தார். பிறகு, அத்திறனைக் கற்றிராத குழந்தையோடு அவர்களை அதே பொருள்களுடன் விளையாட விட்டார். ஒதுங்கிய குழந்தைகளில் பெரும்பாலோர் முன்னின்று வழிகாட்டினர். கூச்சத்தை நேரே தாக்காமல், குழந்தையின் கையில் ஒரு கைத்திறனை வைத்தபோது கூச்சம் தானே தளர்ந்தது. ஆக்ஸ்லைனின் மென்மைக்கும் கேகனின் அளவீட்டுக்கும் இடையே இச்சோதனை மறக்கப்பட்டது இத்துறைக்கு நேர்ந்த இழப்பு.

திரைப்படத்தைப் பயன்படுத்திய முயற்சியும் உண்டு. ராபர்ட் ஓ’கானர் 1969-இல், விளையாடும் குழுவொன்றில் ஒரு குழந்தை படிப்படியாகச் சேருவதைக் காட்டும் 23 நிமிடப் படத்தை ஒதுங்கிய குழந்தைகளுக்குக் காட்டினார். ஒப்பீட்டுக் குழுவினர் டால்ஃபின்கள் பற்றிய படத்தைப் பார்த்தனர். முதல் படத்தைப் பார்த்தவர்கள் பிறரோடு கலப்பது குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. பங்கேற்ற குழந்தைகள் 13 பேரே என்பதால் இதன்மேல் பெரிய மாளிகை கட்ட முடியாது.

அவசரப்படாமை

வர்ஜீனியா ஆக்ஸ்லைன், கார்ல் ரோஜர்ஸின் மாணவராகவும் உடன் பணியாற்றியவராகவும் இருந்தவர். அறிவுரை கூறாமல் செவிமடுக்கும் ரோஜர்ஸின் முறையை அவர் குழந்தைகளுக்கு ஏற்ப அமைத்தார். 1947-இல் வெளியான அவருடைய ‘விளையாட்டுச் சிகிச்சை’ நூல் எட்டு நெறிகளை வகுக்கிறது. குழந்தையை உள்ளவாறே ஏற்றல், அதன் உணர்வை அறிந்து அதற்கே திருப்பிக் காட்டல், வழிநடத்தாமல் பின்தொடர்தல் ஆகியவை அவற்றுள் சில. கூச்சமுள்ள குழந்தையைப் பொறுத்தவரை இவற்றுள் தலையாயது, சிகிச்சையை விரைவுபடுத்த முயலக்கூடாது என்னும் நெறி. ஒரு மணி நேரம் முழுதும் குழந்தை வாசலில் நின்றாலும் அந்த நேரம் குழந்தையுடையதே.

1964-இல் ஆக்ஸ்லைன் வெளியிட்ட ‘டிப்ஸ்’ என்னும் நூல் இந்நெறி செயற்பட்ட விதத்தை விரிவாகக் காட்டுகிறது. டிப்ஸ் என்னும் புனைபெயரில் குறிக்கப்படும் ஐந்து வயதுச் சிறுவன் பள்ளியில் மேசைக்கடியில் ஒளிந்தான், சுவரோரம் ஒட்டி நின்றான், நெருங்கியவர்களைக் கீறினான். அவன் மனவளர்ச்சி குன்றியவனோ என்று பெரியவர்கள் ஐயுற்றனர். வாரம் ஒருமுறை விளையாட்டறைக்கு வந்த அவன் தொடக்கத்தில் செய்தது, அங்குள்ள பொருள்களின் பெயரை ஒவ்வொன்றாக, ஐயத்தோடு வினவுவதுபோல் சொன்னது மட்டுமே. ஆக்ஸ்லைன் அவனைப் பாராட்டவில்லை, வியப்புக் காட்டவுமில்லை. அவன் சொன்னதை ஏற்று, அமைதியாக உடனிருந்தார். வாரங்கள் செல்லச் செல்ல அவன் மணலில் தந்தையுருவைப் புதைத்தான். கோபத்தை அவ்வறையில் இறக்கிவைத்தான். பின்னர் எடுக்கப்பட்ட அறிவுச் சோதனையில் அவன் பெற்ற ஈவு 168 என்று நூல் தெரிவிக்கிறது.

பாராட்டாமை என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. பேசாத குழந்தை ஒரு சொல் பேசியவுடன் கைதட்டுவது பெரியவர்களின் இயல்பு. கைதட்டல் மீண்டும் எல்லாருடைய பார்வையையும் குழந்தைமேல் திருப்புகிறது. எதிலிருந்து குழந்தை ஒளிந்ததோ அதையே அது பரிசாகப் பெறுகிறது.

‘டிப்ஸ்’ நூலை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். அது ஒரேயொரு குழந்தையின் கதை, அடையாளம் மறைக்கப்பட்டது, நாவலின் நடையில் எழுதப்பட்டது. அவன் வெறும் கூச்சமுள்ள குழந்தையும் அல்லன். அவனுடைய நிலை அதைவிடக் கடுமையானது. மேதைமை வெளிப்பட்டதால்தான் அக்கதை நினைவில் நிற்கிறது என்பதும் ஓர் உறுத்தல். சராசரி அறிவு ஈவு கொண்ட ஒரு சிறுவன் மேசைக்கடியிலிருந்து வெளியே வந்திருந்தால் அது இத்தனை மொழிகளில் வாசிக்கப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

இளைய தோழன்

கூச்சம் பற்றிய ஆய்வுகளுள் எதிர்பாராத திருப்பம் குரங்குகளிடமிருந்து வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோவும் ஸ்டீஃபன் சுவோமியும், பிறந்தது முதல் ஆறு மாதங்கள் தனிமையில் வளர்க்கப்பட்ட ரீசஸ் குரங்குகளை மீட்க முயன்றனர். அச்சோதனைகளின் கொடுமை பின்னாளில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது, அக்கண்டனம் நியாயமானதே. சம வயதுக் குரங்குகளிடையே விடப்பட்டபோது தனிமைக் குரங்குகள் தாக்குண்டு மேலும் ஒடுங்கின. 1972-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று மாதக் குட்டிகள் துணையாக விடப்பட்டன. அக்குட்டிகள் தாக்கும் வயதை எட்டாதவை. அவை ஒட்டிக்கொண்டன, பிறகு விளையாட அழைத்தன. தனிமைக் குரங்குகள் மெல்ல மீண்டன.

வைன்டல் ஃபர்மன், டொனால்ட் ரேஹி, வில்லார்ட் ஹார்ட்அப் ஆகியோர் 1979-இல் இதே எண்ணத்தை மழலையர் பள்ளிக்குக் கொண்டுவந்தனர். ஒதுங்கிய குழந்தைகள் 24 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற் குழுவினர் தம்மைவிட ஓராண்டுக்கு மேல் இளைய ஒரு குழந்தையோடும், இரண்டாம் குழுவினர் சம வயதுக் குழந்தையோடும் பத்து முறை தனியறையில் விளையாடினர். மூன்றாம் குழுவுக்கு எதுவும் செய்யப்படவில்லை. பெரியவர் எவரும் கற்பிக்கவில்லை. குழந்தைகள் விளையாடியது மட்டுமே. வகுப்புக்குத் திரும்பியபின் இளையவரோடு விளையாடிய குழந்தைகள் பிறரோடு கலப்பதில் கண்ட உயர்வு மிகத் தெளிவாக இருந்தது. சம வயதினரோடு விளையாடியவர்களின் உயர்வு அதனினும் குறைவு.

கூச்சமுள்ள குழந்தையைத் துடிப்பான குழந்தையின் பக்கத்தில் அமர்த்தினால் அதுவும் துடிப்பாகிவிடும் என்று நம்பும் பள்ளிகள் இம்முடிவைக் கருத வேண்டும். துடிப்பான தோழன் எல்லாவற்றையும் தானே தொடங்கிவிடுகிறான். இளைய குழந்தையோ தொடங்கத் தெரியாமல் நிற்கிறது; ஆகவே மூத்த குழந்தை தொடங்க வேண்டியதாகிறது; தொடங்கினால் அது ஏற்கப்படுகிறது. அயோவாவில் ஜாக் கண்டதன் மறுவடிவம் இது. அங்குத் திறன் தந்த இடத்தை இங்கு வயது தருகிறது.

தமிழக ஊர்த்தெரு விளையாட்டை அறிந்தோர்க்கு இங்கு ஒரு நினைவு எழக்கூடும். பல வயதுக் குழந்தைகள் கூடும் ஆட்டத்தில் மிகச் சிறிய குழந்தையை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்வர். அக்குழந்தை அவுட்டானாலும் ஆட்டத்தைவிட்டு வெளியேற வேண்டியதில்லை. அதன் தோல்வி கணக்கில் வாராது. ‘சப்பாணி’ என்னும் சொல்லில் உடற்குறை பற்றிய இகழ்ச்சி உண்டு என்பது உண்மையே. எனினும் கணக்கில் வராமல் களத்தில் நிற்கும் உரிமை என்பது, பார்ட்டன் வகுத்த ‘வேடிக்கை பார்த்தல்’ நிலைக்கும் ‘கூட்டாக விளையாடல்’ நிலைக்கும் நடுவே தெரு தானே அமைத்துக்கொண்ட ஒரு படி. ஒரே வயதினரை ஒரே அறையில் அடைக்கும் பள்ளி முறையில் இளைய தோழனும் இல்லை. ஒப்புக்கு நிற்கும் இடமும் இல்லை.

பெயர் மாற்றம்

பள்ளியில் முற்றிலும் பேசாமல் வீட்டில் மட்டும் பேசும் குழந்தைகளின் நிலைக்கு இடப்பட்ட பெயர்களே தனியொரு வரலாறு. 1877-இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மௌல் இதனை விருப்பத்தால் நேரும் பேச்சிழப்பு என்னும் பொருள்பட இலத்தீனில் பெயரிட்டார். 1934-இல் மோரிட்ஸ் டிராமர், குழந்தை தானே தெரிவுசெய்து மேற்கொள்ளும் மௌனம் என்றார். இரு பெயர்களிலும் குழந்தை பிடிவாதக்காரன். அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு 1994-ஆம் ஆண்டுப் பதிப்பில் அடைமொழியை மாற்றி, சில சூழல்களில் மட்டும் நிகழும் ‘தேர்ந்த மௌனம்’ என்று குறித்தது. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு அதனைப் பதற்றக் கோளாறுகளின் வரிசையில் சேர்த்தது. பேச மாட்டாத குழந்தை பேச இயலாத குழந்தையாக ஏற்கப்பட 136 ஆண்டுகள் ஆயின. பிடிவாதம் என்று கருதிய காலத்தில் இக்குழந்தைகள் பட்ட அடிகளுக்குக் கணக்கில்லை.

இம்மாற்றத்திற்குப் பின்புலமாக ஹார்வர்டில் ஜெரோம் கேகனும் உடன் ஆய்வாளர்களும் 1984 முதல் வெளியிட்ட ஆய்வுகள் உள்ளன. நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய ஒலி, நிறம், மணம் ஆகியவற்றைக் காட்டியபோது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் கைகால்களை உதறி அழுதனர். புதியவரைக் கண்டு ஒதுங்கும் இயல்பு பின்னாளில் இவர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டது. ஒலிக்கும் மணத்திற்கும் புது முகத்திற்கும் ஒரே உடல் கூசுகிறது. கண் கூச்சத்தையும் பல் கூச்சத்தையும் மனக் கூச்சத்தையும் ஒரே சொல்லில் வைத்த தமிழ் வழக்கு இங்கு நினைக்கத்தக்கது. எனினும் இவ்வியல்போடு பிறந்த எல்லாரும் அஞ்சும் சிறுவராக வளர்ந்துவிடவில்லை. வளர்ப்பும் சூழலும் இடையே புகுகின்றன.

பெற்றோரையும் விளையாட்டறைக்குள் கொண்டுவரும் முறை இதனால் வலுப்பெற்றது. பெர்னார்ட் கெர்னி 1964-இலேயே பெற்றோருக்கு விளையாட்டுச் சிகிச்சை நுட்பத்தைப் பயிற்றும் முறையை முன்வைத்திருந்தார். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா க்ரோனிஸ்-டஸ்கானோ, கென்னத் ரூபின் ஆகியோர் 2015-இல் வெளியிட்ட, ஆமையின் பெயர் தாங்கிய திட்டம், ஒதுங்கும் மழலையரையும் அவர்களுடைய பெற்றோரையும் எட்டு வாரங்கள் இணையான இரு குழுக்களில் பயிற்றுகிறது. குழந்தைக்காகத் தாமே விடையளித்துவிடும் பெற்றோர் காத்திருக்கப் பழகுகின்றனர். ஆக்ஸ்லைன் தம் அறைக்குள் மேற்கொண்ட அவசரப்படாமை இப்போது வீட்டுக்குச் செல்கிறது.

அளவும் அளவுகோலும்

சூ பிராட்டன் குழுவினர் 2005-இல் 93 ஆய்வுகளைத் தொகுத்து, விளையாட்டுச் சிகிச்சையின் விளைவளவு 0.80 என்று கணித்தனர். பெற்றோர் நடத்திய சிகிச்சையில் அது இன்னும் உயர்ந்திருந்தது. குழந்தை மையச் சிகிச்சையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒப்பீட்டுக் குழு உள்ள 52 ஆய்வுகளை டாலினும் லின்னும் அல்ல, லின்னும் பிராட்டனும் 2015-இல் தொகுத்தபோது விளைவளவு 0.47-ஆக இறங்கிற்று. பயன் உண்டு, முதலில் கூறப்பட்ட அளவில் இல்லை. இத்தொகுப்புகளில் கூச்சமுள்ள குழந்தைகள் தனித்துப் பிரிக்கப்படாமல், அச்சமும் சோர்வும் கொண்ட பிறரோடு ஒரே வரிசையில் எண்ணப்படுகின்றனர். விக்மன் காலத்தில் பட்டியலின் அடியில் கிடந்த குழந்தை இன்று சராசரிக்குள் மறைந்திருக்கிறது.

எதை நலம் என்று அளப்பது என்னும் வினா இதனினும் கடினமானது. சின்யின் சென், ரூபின் ஆகியோர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், ஷாங்காய் நகரப் பள்ளிகளில் கூச்சமும் மென்மையும் உடைய குழந்தைகள் உடன்பயில்வோரால் விரும்பப்பட்டனர். தலைமைப் பொறுப்புக்கும் உரியவராகக் கருதப்பட்டனர். கனடாவில் அதே இயல்புடையோர் ஒதுக்கப்பட்டனர். பண்பாட்டு வேறுபாட்டுக்குச் சான்றாக இது பலகாலம் மேற்கோள் காட்டப்பட்டது. ஆனால் சென் குழுவினர் 1990, 1998, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளில் பயின்ற குழந்தைகளை ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்ட முடிவு வேறு கதையைச் சொல்லிற்று. 1990-இல் விரும்பப்பட்ட கூச்சமுள்ள குழந்தை, 2002-இல் அதே நகரில் ஒதுக்கப்பட்டது. ஆசிரியர்களின் மதிப்பிலும் தாழ்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் குழந்தைகளின் நரம்பு மண்டலம் மாறிவிடவில்லை. சந்தைப் பொருளாதாரத்துக்குள் விரைந்த ஒரு நகரம் தன் குழந்தைகளிடம் எதிர்பார்த்தது மாறிவிட்டது.

அப்படியானால் விளையாட்டறைக்கு அனுப்பப்படும் குழந்தை யாருடைய தேவைக்காக அனுப்பப்படுகிறது? இராபர்ட் கோப்லன் முதலியோரின் ஆய்வுகள் இதற்குப் பயன்படும் ஒரு வேறுபாட்டைத் தருகின்றன. சேர விரும்பியும் அச்சத்தால் சேர இயலாமல் ஓரத்தில் நின்று பார்க்கும் குழந்தை ஒன்று. தனியே கட்டைகளை அடுக்குவதில் நிறைவு காணும் குழந்தை மற்றொன்று. இரண்டும் வகுப்பில் ஒரேபோல் மௌனமாக இருக்கும். முதற் குழந்தைக்கு உதவி தேவை. இரண்டாம் குழந்தைக்கு அதன் கட்டைகளே போதும். இருவரையும் பிரித்தறிய வகுப்பறை வினாவிடை உதவாது. கட்டளையற்ற விளையாட்டு நேரத்தில், குழந்தையின் கண் தன் கையிலுள்ள பொருளின்மேல் இருக்கிறதா, எதிரே விளையாடுவோர்மேல் இருக்கிறதா என்று தொலைவிலிருந்து சில நாள்கள் நோக்க வேண்டும். அத்தகைய நேரமே இல்லாத கால அட்டவணையில் ஆசிரியருக்குக் கிடைப்பது, விக்மனின் ஆசிரியர்களுக்குக் கிடைத்ததுபோல், தொல்லை தராத ஒரு மௌனம் மட்டுமே.